ரத்தான கப்பற்பயணமும் கையில் திணிக்கப்படும் வவுச்சரும்: மகளுக்கு ஒரு கடிதம்

ஹரோ, லண்டன்

அன்பு மகளுக்கு,

ஓகஸ்ட் மாதம் சவுத்ஹம்ப்டனிலிருந்து நோர்வேக்கு நீங்கள் போகவிருந்த கப்பற்பயணத்தை நிறுவனம் ரத்துச் செய்துவிட்டதாக நீ அனுப்பிய மின்னஞ்சலை நானும் அம்மாவும் கவனமாக வாசித்தோம். கெய்ராங்கரில் மலைச்சரிவில் விழும் அருவிகளைக் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகள் எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தபடியால், அவர்களுடைய ஏமாற்றம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் பணத்தைப் பற்றியது. நீயும் மருமகனும் ஆறுதலாக இருந்து வாசிக்கவும், தேவைப்படும்போது திரும்ப எடுத்துப் பார்க்கவும் எழுத்தில் இருப்பதே நல்லது என்று நினைத்து எழுதுகிறேன்.

அந்த மின்னஞ்சலின் அமைப்பையே முதலில் பார். மேலே பெரிய பச்சைப் பெட்டிக்குள் "125 வீத வவுச்சரைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று இருக்கிறது. அதாவது, பணத்துக்குப் பதிலாக, அதே நிறுவனத்தின் இன்னொரு பயணத்துக்கு மட்டும் பாவிக்கக்கூடிய ஒரு சீட்டு. பணத்தைத் திரும்பப் பெற விரும்புவோருக்கான இணைப்போ, கடைசிப் பந்திக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், கைத்தொலைபேசியில் விரித்துப் பார்த்தால்தான் தெரியும் அளவு எழுத்தில் இருக்கிறது. குறித்த திகதிக்குள் பதில் அனுப்பாவிட்டால் வவுச்சர் தானாகவே உங்கள் கணக்கில் சேர்க்கப்படும் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பச்சைப் பெட்டியை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதை அழுத்தினால், பணத்துக்குப் பதிலாக வவுச்சரை நீயே விரும்பித் தேர்ந்தெடுத்தாய் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு மனம் மாறினால் நிறுவனத்தோடு வாதாடி வெல்வது கடினம்.

சட்டம் உன் பக்கம் தெளிவாக இருக்கிறது. கப்பற்பயணம் என்பது போக்குவரத்தும் தங்குமிடமும் ஒன்றாகச் சேர்ந்தது என்பதால், இங்கே 2018ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த பொதிப் பயண விதிகளுக்குள் அது அடங்குகிறது. அந்த விதிகளின்படி, பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனமே அதை ரத்துச் செய்தால், செலுத்திய முழுத் தொகையையும் தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 14 நாட்களுக்குள், திருப்பித் தர வேண்டும். வவுச்சரை ஒரு தெரிவாக முன்வைக்க நிறுவனத்துக்குத் தடையில்லை. அதைத் தவிர வேறு வழி இல்லை என்று சொல்லத்தான் அதற்கு உரிமையில்லை. உன் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதையும் நான் ஏற்கமாட்டேன். ஆனாலும் மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு நியாயம் பேசுவதைவிட, அவர்கள் குறித்த திகதிக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

125 வீதம் என்ற எண் மருமகனைக் கவர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவருடைய யோசனை பிழையானதல்ல. கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் போதும். நீங்கள் செலுத்தியது மொத்தம் 5,200 பவுண். அதில் பயணக்கட்டணம் 4,800. கரைச்சுற்றுலாக்களுக்கும் கப்பலில் இணைய இணைப்புக்கும் 400. வவுச்சரின் 25 வீத மேலதிகம் பயணக்கட்டணத்துக்கு மட்டுமே கிடைப்பதால், வவுச்சரின் பெறுமதி 6,000 பவுண். அந்த 400 எந்தத் தெரிவைச் செய்தாலும் பணமாகவே திரும்ப வரும். அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே வகை அறைக்கு நான்கு பேருக்கும் என்ன விலை என்று நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்த்தேன்: 5,650 பவுண். மீதி 350 பவுணை வேறு பயணத்துக்கோ கப்பலிற் செய்யும் செலவுகளுக்கோ பாவிக்க முடியாது என்று நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது. ஒரே முன்பதிவில் பாவிக்காத தொகை இல்லாமற்போய்விடும். வேறொரு நிறுவனத்தின் கப்பல், ஏறக்குறைய அதே துறைமுகங்களுக்கு, அதே பாடசாலை விடுமுறையில் 4,900 பவுணுக்குப் போகிறது. ஆகவே 4,800 பவுணைக் கையில் வாங்கி, மேலும் 100 பவுண் சேர்த்தால் அந்தப் பயணத்தைச் செய்துவிடலாம். 1,200 பவுண் லாபம் என்று தோன்றியது 100 பவுணாகச் சுருங்கிவிட்டது பார். அந்த 100 பவுணுக்காக 4,800 பவுணை ஒரு வருடத்துக்கு மேல் இன்னொருவர் கையில் வட்டியின்றி விட்டுவைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நிபந்தனைகளில் இன்னும் சில வரிகள் என் கண்ணில் பட்டன. வவுச்சருக்கு இரண்டு திகதிகள் இருக்கின்றன: ஒன்று அதற்குள் பதிவு செய்ய வேண்டிய திகதி, மற்றது அதற்குள் கப்பல் புறப்பட வேண்டிய திகதி. மக்கள் இரண்டாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு முதலாவதைத் தவறவிடுகிறார்கள். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. சலுகை விலைகளோடு சேர்த்துப் பாவிக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் நீங்கள் இந்தப் பயணத்தைப் பதிவு செய்தீர்கள் என்பதால் அது உங்களுக்கு முக்கியம். வவுச்சரைக் கொண்டு பதிவு செய்த பயணத்தை நீங்களாகவே கைவிட்டால் பணமாக எதுவும் திரும்பாது.

எல்லாவற்றிலும் என்னைக் கவலைப்படுத்துவது நிறுவனம் நின்று பிடிக்குமா என்பதே. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகமெங்கும் கப்பல்கள் துறைமுகங்களில் கட்டப்பட்டபோது, நிறுவனங்கள் பலவும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வவுச்சர்களை நீட்டின. அந்த வருடம் ஜூலை மாதம், டில்பரி துறைமுகத்திலிருந்து கப்பல்களை ஓட்டிவந்த குரூஸ் அண்ட் மரிட்டைம் வொயேஜஸ் நிறுவனம் முறிந்துபோனது. கையில் காசாக வாங்கியிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி ஒரு செய்தி மட்டுமே. மற்றவர்கள் பயண நிறுவனங்களின் சங்கமான ஆப்டாவின் (ABTA) பாதுகாப்பின் கீழும், விமானப்பயணம் சேர்ந்திருந்தால் அதற்கான அட்டோல் (ATOL) என்ற பாதுகாப்புத் திட்டத்தின் கீழும், கடனட்டை வங்கிகளிடமும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தகைய பாதுகாப்பு உண்மையிற் செலுத்திய பணத்துக்கானது. நிறுவனம் அன்பளிப்பாகச் சேர்த்த 25 வீதத்தை வேறு யாரும் ஈடுசெய்யப் போவதில்லை. ஐரோப்பிய ஆணைக்குழுவும் அதே வருடம் மே மாதம், வவுச்சர் என்பது பயணியின் விருப்பத்துக்குரியதாகவே இருக்க வேண்டும் என்றும், நிறுவனம் முறிந்தாலும் அதற்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பணத்தை வாங்கிவிட்டால் இந்தக் கவலைகள் எதுவும் உங்களுக்கு இல்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுது. தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டு விட்டுவிடாதே. பதிவு இலக்கம், ரத்துச் செய்த அறிவித்தலின் திகதி, செலுத்திய தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "நாங்கள் வவுச்சரை ஏற்கவில்லை, 2018ஆம் ஆண்டுப் பொதிப் பயண விதிகளின்படி முழுத் தொகையையும் 14 நாட்களுக்குள், செலுத்திய அட்டைகளுக்கே திருப்பி அனுப்புங்கள்" என்ற கருத்தை ஆங்கிலத்திற் சுருக்கமாக எழுதினாற் போதும். கோபமான சொற்கள் வேண்டாம். தொலைபேசியில் எடுக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். அவர்கள் இந்த முடிவை எடுக்கவில்லை. பேச நேர்ந்தால் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவைத்து, பேசிய விடயத்தை உடனே ஒரு மின்னஞ்சலாக அவர்களுக்கு அனுப்பிவிடு.

14 நாட்கள் கடந்தும் பணம் வராவிட்டால், எந்த அட்டையில் எவ்வளவு செலுத்தினீர்கள் என்பது முக்கியமாகும். முற்பணத்தை நீ உன் கடனட்டையிற் செலுத்தினாய்; மீதியை மருமகன் தன் டெபிட் கார்டிற் செலுத்தினார். பதிவு உன் பெயரில் இருக்கிறது, முகவர் எவரும் இடையில் இல்லை, நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்திருக்கிறாய். இது உனக்கு மிகவும் சாதகமானது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுணுக்கு மேற்பட்டதும் 30,000 பவுணுக்கு மேற்படாததுமான விலையுள்ள கொள்வனவில், கடனட்டை வழங்கிய வங்கியையும் விற்றவருக்குச் சமமாகப் பொறுப்பாளியாக்குகிறது. அட்டையில் முற்பணம் மட்டுமே செலுத்தியிருந்தாலும் வங்கியின் பொறுப்பு முழுத் தொகைக்கும் உண்டு என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். வங்கியின் முதற்பதிலே சில வேளைகளில் முற்பணத்தைப் பற்றி மட்டுமே இருக்கும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள். மருமகனின் டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர் தன் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது அட்டையிற் செலுத்திய பணத்தை விற்றவரிடமிருந்து திருப்பி எடுத்துத் தரும்படி கேட்கலாம். அது சட்டமல்ல, விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்களின் விதி. பொதுவாக 120 நாள் எல்லை இருப்பதால் தாமதிக்கக் கூடாது. வங்கி எட்டு வாரங்களுக்குள் இறுதிப் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கும் அப்பால் சிறுகோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. 10,000 பவுண் வரையான வழக்குகளை அது கேட்கும். அவ்வளவு தூரம் போகாது என்றே நம்புகிறேன்.

நிறுவனம் சொல்லும் காரணம், பழுதுபார்க்கச் சென்ற கப்பல் உரிய காலத்தில் திரும்பவில்லை என்பது. போர், தொற்றுநோய் போன்ற தவிர்க்க முடியாத அசாதாரண நிலைமைகளில், முழுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாற் போதும், மேலதிக இழப்பீடு தேவையில்லை என்று விதிகள் சொல்கின்றன. தன் சொந்தக் கப்பலைப் பேணும் வேலை நீண்டுபோனது அந்த வகைக்குள் எளிதாக அடங்காது என்பது என் கருத்து. ஆதலால் நியூகாசிலிலிருந்து சவுத்ஹம்ப்டனுக்கு எடுத்த ரயில் சீட்டுகளுக்கும், முதல்நாள் தங்கவிருந்த ஹொட்டேலுக்கும் ஆன செலவைத் தனியாக, பற்றுச்சீட்டுகளை இணைத்துக் கேட்கலாம். அந்தக் கோரிக்கையை முதல் மின்னஞ்சலிற் கலக்காதே. கலந்தால் சிறு தொகையைப் பற்றிய விவாதத்தைச் சாட்டாக வைத்துப் பெரிய தொகையையும் இழுத்தடிப்பார்கள். அதற்கிடையில் இழப்பைக் குறைக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும்: ஹொட்டேலைக் கட்டணமின்றி ரத்துச் செய்யக்கூடிய கடைசி நாளைப் பார், முன்கூட்டியே எடுத்த மலிவு ரயில் சீட்டுக்குப் பணம் திரும்ப வராவிட்டாலும், புறப்படும் நேரத்துக்கு முன் சிறு கட்டணம் செலுத்தி வேறு நாளுக்கு மாற்றலாம்.

பயணக் காப்புறுதி நிறுவனத்துக்கும் இப்போதே அறிவித்துவை. நிறுவனத்திடமிருந்து பெறக்கூடிய பணத்தைக் காப்புறுதி தராது. வவுச்சரை ஏற்றுக்கொண்டவருக்கு இழப்பே இல்லை என்றும் அவர்கள் சொல்லக்கூடும். ரயில், ஹொட்டேல் போன்ற சில்லறைச் செலவுகளில் மட்டுமே அவர்கள் உதவக்கூடும்.

வவுச்சரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் அதே கப்பலில், அதே நிறுவனத்தோடுதான் போவோம் என்பது உறுதியாக இருந்து, பாடசாலை விடுமுறைத் திகதிகளும் வேலைத்தலத்தில் விடுமுறையும் கையிலிருந்து, இன்றைக்கே பதிவு செய்து விலையைக் கட்டிப்போட முடிந்தால், வவுச்சர் பயன் தரும். எங்கள் கோயிலுக்கு வரும் ஓய்வுபெற்ற தம்பதியர் ஒருவர் அப்படித்தான் செய்தார்கள். பாடசாலை விடுமுறைக்குள் அடங்க வேண்டிய தேவையில்லாததால் செப்டம்பர் மாத மலிவு விலையில் பால்கனி அறைக்கு மாறினார்கள். வவுச்சரைப் பாவிப்பவர்கள் அதைக் கிடைத்த உடனேயே பாவிக்க வேண்டும், வித்தியாசத் தொகையைக் கடனட்டையிற் செலுத்த வேண்டும், புதிய பதிவின் உறுதிப்பத்திரத்தில் வவுச்சரின் முழுத் தொகையும் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதைச் செய்ய வேண்டும். உங்கள் நிலைமை வேறு. மருமகனின் வேலை இந்த வருடக் கடைசியில் எந்த ஊருக்கு மாறும் என்பதே தெரியாத நேரத்தில், திகதி குறித்த வவுச்சர் உங்களுக்கு ஏற்றதல்ல.

இன்னொன்று. பணம் திருப்பித் தருகிறோம், அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ கேட்டால், ஒன்றும் சொல்லாதே. கப்பல்கள் ரத்தாகும் செய்தி வெளிவந்தவுடன் இத்தகைய மோசடிக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள். செலுத்திய அட்டைக்கே பணம் திரும்ப வருவதால் நிறுவனத்துக்கு அந்த விபரம் மீண்டும் தேவையில்லை. மருமகனின் அட்டை காலாவதியாகிப் புதியது வந்திருந்தாலும், அதே வங்கிக் கணக்கு இருக்கும்வரை பணம் அதற்கே வந்து சேரும்.

பச்சைப் பெட்டியோடு கூடிய அந்த மின்னஞ்சலையும், பதிவின் உறுதிப்பத்திரத்தையும், நீங்கள் பதிவு செய்த நாளில் இருந்த நிபந்தனைகளின் பிரதியையும் ஒரே கோப்பிற் சேமித்து எனக்கும் அனுப்பிவை. நிறுவனத்துக்கான மின்னஞ்சலை இன்றிரவே எழுது. பார்த்துத் தரச் சொன்னால் பார்த்துத் தருகிறேன், ஆனால் எனக்காகக் காத்திருந்து அவர்கள் குறித்த திகதியைத் தாண்டிவிட வேண்டாம். பிள்ளைகளை ஓகஸ்டில் ஒரு கிழமைக்கு இங்கே கொண்டுவந்து விடு என்று அம்மா சொல்கிறா. ரயில் சீட்டுகளை லண்டனுக்கு மாற்ற முடியுமா என்று அதையும் விசாரித்துப் பார்.

அன்புடன்,
அப்பா