துணிக்கு நாலு விளக்கு, ஆளுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் புது அலுவலகங்களின் உள் அலங்காரம் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அழகாகத்தான் இருந்தன. கறுப்புப் பெயின்ட் அடித்த சீலிங், அதிலிருந்து தொங்கும் விளக்குகள், கண்ணாடிச் சுவர், நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி. ஆனால் அந்த மேஜையில் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டு வரை ஒரு ஆள் உட்கார்ந்து எக்செல் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே கட்டுரையில் இல்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு வரி கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், வெட்டிப் போட்டாலும் சரி.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்பவன். பதினாலு வருஷமாக இதே வேலை. எங்கள் தொழிலில் வெளிச்சம் என்பது விளையாட்டு இல்லை. சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு, வந்தால் அதைக் கையில் பிடித்துப் பார்த்து ஓகே சொல்லிவிட முடியாது. அதற்கென்று லைட் பாக்ஸ் இருக்கிறது. உள்ளே சாம்பல் நிறப் பெயின்ட், மேலே நாலு வகை விளக்கு. டி65 பகல் வெளிச்சம் மாதிரி, டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் எரிந்த டியூப் லைட் மாதிரி, இன்னொன்று பழைய குண்டு பல்பின் மஞ்சள், அப்புறம் யூவி. துணியை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வைக்க வேண்டும், அறை விளக்கை அணைக்க வேண்டும், பளீர் சிவப்புச் சட்டை போட்டவர் பக்கத்தில் நிற்கக் கூடாது, ஏனென்றால் சட்டையின் நிறம் துணியில் அடிக்கும். டியூப் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்ட மீட்டர் உண்டு, இரண்டாயிரம் மணி நேரம் ஆனால் நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும் கழற்றி மாற்றிவிடுவோம். உள்ளங்கை அகலத் துண்டுத் துணிக்கு இத்தனை மரியாதை.

கீழே தையல் ஹாலிலும் அப்படித்தான். பையர், அதாவது துணியை வாங்கும் கம்பெனி, சார்பில் ஆடிட்டுக்கு வருபவர்கள் லக்ஸ் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு லைன் லைனாக நடப்பார்கள். (லக்ஸ் என்றால் சோப்பு இல்லை, வெளிச்சத்தின் அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ்.) ஊசி முனையில் எவ்வளவு, செக்கிங் டேபிளில் எவ்வளவு என்று அளந்து, குறைந்தால் ரிப்போர்ட்டில் ஏற்றிவிடுவார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மாடிக்கு வந்து எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அதே மீட்டர் பைக்குள் போய்விடுகிறது. மாடியில் நாற்பது பேர் இருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மாடியைப் புதுப்பித்தார்கள். அதுவரை நாலடி டியூப் லைட்தான், மேஜைகளுக்கு மேலே சங்கிலியில் தொங்கும், பஞ்சுத் தூசி படிந்து பார்க்கச் சகிக்காது. அதையெல்லாம் கழற்றிவிட்டு ஃபால்ஸ் சீலிங் அடித்து, இரண்டுக்கு இரண்டு எல்.இ.டி. பேனல்களை வரிசையாகப் பதித்தார்கள். எல்லாம் 6500 கெல்வின், அதாவது அந்த நீலம் கலந்த வெள்ளை. வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. "பளிச்சுனு இருக்குதுங்க" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். இருந்தது. ஒரே மாதத்தில் ரிசப்ஷன் மேஜையில் தலைவலி மாத்திரைப் பட்டை ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

என்ன நடந்திருக்கிறது என்றால், முதலில் சீலிங்கைக் கட்டம் பிரித்துச் சமமாக விளக்கு வைத்துவிட்டார்கள். அப்புறம் மேஜை வந்தது. அப்புறம் கேபின் தடுப்பு வந்தது. அதற்கும் அப்புறம் பைல் ரேக். படத்தில் பார்க்கும்போது அழகாக இருந்த வரிசைக்கும் கீழே உட்காரும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒருநாள் கம்ப்ளயன்ஸ் பிரிவில் இருக்கும் தம்பியிடம் அந்த மீட்டரை இரவல் கேட்டேன். "எதுக்குங்கண்ணா, ஆடிட் அடுத்த மாசந்தானுங்களே" என்றான். வாங்கி, சாயங்காலம் ஆறு மணிக்குமேல், வெளி வெளிச்சம் போனபிறகு ஒவ்வொரு மேஜையாக வைத்துப் பார்த்தேன். ஆட்கள் நடக்கிற பாதையில் 810 லக்ஸ். யாரும் அங்கே உட்கார்ந்து படிப்பதில்லை. என் மேஜையில் 430, பரவாயில்லை. ஜெராக்ஸ் மெஷின் மேல் 600. அக்கவுண்ட்ஸ் அக்கா மேஜையில் 150. அவர் பக்கத்தில் சீலிங்கைத் தொடும் உயரத்துக்கு பைல் ரேக், அவர் பக்கம் வரவேண்டிய வெளிச்சத்தை அது வாங்கிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஒரு பேனல் அவர் முதுகுக்குப் பின்னால், அதனால் வவுச்சர் மேல் அவர் நிழலே விழுகிறது. எண்ணைக் காட்டினதும் அவர் சொன்னது: "எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சுன்னு போன மாசம் கண்ணாடி மாத்துனேன் தம்பி."

ஐ.எஸ். 3646 என்ற இந்தியத் தர விதியில் பொது அலுவலகத்துக்கு 300-லிருந்து 750 லக்ஸ், நடுவில் 500 என்று போட்டிருக்கிறது. ஐரோப்பியத் தரமும் படிக்க, எழுத, டைப் அடிக்க 500 என்றுதான் சொல்கிறது. இதில் வயது வேறு இருக்கிறது. அறுபது வயதில் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்பார்கள். அக்காவுக்கு ஐம்பத்து நாலு. ஆபீஸிலேயே வெளிச்சம் அதிகம் வேண்டியவர் அவர், கிடைத்தது குறைந்த இடம். புதிதாக வந்த பயிற்சிப் பையன்கள் வெளிச்சத்தில் மிதக்கிறார்கள்.

என் மேஜையில் எண் சரி, ஆனால் வேறு வியாதி. என் தலைக்குச் சற்றுப் பின்னால் இருந்த பேனல் அப்படியே மானிட்டரில் வெள்ளைச் சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரத்துக்குள் வரும் வரியைப் படிக்கத் தலையைச் சாய்ப்பேன், அரை மணியில் கழுத்து பிடிக்கும். நான் ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று ஸ்கிரீனின் வெளிச்சத்தை ஏற்றி ஏற்றி வைத்தேன், கண் எரிச்சல்தான் மிச்சம். விளக்கு தலைக்கு மேலேயோ பின்னாலேயோ இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் இந்தத் தொல்லை பாதி போய்விடும். பள்ளிக்கூடத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும்படி உட்காரச் சொன்ன வாத்தியாருக்கு இது தெரிந்திருந்தது.

அப்புறம் அந்தத் தலைவலி. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார்: போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் பிடித்துப் பாருங்கள் என்றார். பார்த்தால் பேனல்களில் பாதி துடிக்கிறது, திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறது. நம் மின்சாரம் 50 சைக்கிள், அதனால் மட்டமான டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) போட்ட விளக்கு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தெரிகிறது. "பேனலைக் குறை சொல்லாதீங்க, டிரைவர்லதான் காசை மிச்சம் பண்ணிருக்காங்க" என்றார். இது என் கற்பனை இல்லை. 1989-இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அலுவலகத்து டியூப் லைட்டுகளில் சாதா சோக்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் சோக் போட்டார்கள், எதில் எது இருக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்களுக்குச் சொல்லவில்லை. தலைவலியும் கண் வலியும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. மேல் மாடிக்குப் போகப் போக, அதாவது பகல் வெளிச்சம் கூடக் கூட, தலைவலி குறைந்ததாகவும் அதில் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய விஷயம் இது. சோக் போய் எல்.இ.டி. வந்தது, அதே துடிப்பு வேறு வழியில் திரும்ப வந்துவிட்டது.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெரூன் டி-ஷர்ட் ஆர்டர். துணி காட்டன், தையல் நூல் பாலியஸ்டர். ராத்திரி ஏழரை, லேப் பூட்டியாகிவிட்டது, லைட் பாக்ஸ் உள்ளே. நாளைக் காலை லைன் ஏற வேண்டும் என்று ஃபேக்டரி மேனேஜர் நெருக்குகிறார். நான் என் மேஜையிலேயே, அந்தப் பேனலுக்குக் கீழேயே, நூல் நிறங்களின் மாதிரி இருக்கும் ஷேடு கார்டைப் பிரித்து நூலைத் துணிமேல் வைத்துப் பார்த்தேன். ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தது. ஓகே போட்டுவிட்டேன். அறுநூறு பீஸ் தைத்து ஃபினிஷிங்குக்குப் போய், ஜன்னல் ஓரத்தில் அயர்ன் போடுகிற பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்கண்ணா, தையல் மட்டும் பிரவுனா தெரியுதுங்களே?" வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். துணி மெரூன், தையல் செங்கல். காட்டனுக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம், பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், இரண்டும் வெளிச்சத்தை வேறு வேறு விதமாகத் திருப்பி அனுப்பும், அதனால் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்துவிடும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். களைப்பு, அவசரம், அதன்மேல் சிவப்பைச் சரியாகக் காட்டத் தெரியாத விளக்கு. திட்டு வாங்கியது நான், அது நியாயம்தான். விளக்கை யாரும் திட்டவில்லை.

ஜன்னல் விஷயத்தில்தான் எனக்கு ரொம்ப ஆற்றாமை. எங்கள் ஹாலுக்கு மேற்கே முழுக்கக் கண்ணாடி. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், அதனால் திரையை இழுத்துவிட்டார்கள். இழுத்த திரை மறுநாள் காலையிலும் இழுத்தபடியே இருக்கும், வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே நாற்பது பேனல் எரியும், எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்விட்ச். கிழக்கும் மேற்கும் தாழ்ந்த வெயில், அதைச் சன்ஷேடு தடுக்காது. தெற்கை ஒரு நல்ல சன்ஷேடு சமாளித்துவிடும். வடக்கு ஜன்னல் நல்லது, ஆனால் வெளிநாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதிரி வெயிலே வராது என்று நம்ப வேண்டாம். நாம் இருப்பது வடக்கு அட்சரேகை பதினோரு டிகிரியில், ஏப்ரல் இருபது வாக்கிலிருந்து ஆகஸ்ட் இருபத்து மூன்று வாக்கு வரை உச்சி வெயில் நமக்கு வடக்கில்தான் நிற்கிறது. இதையெல்லாம் கட்டடம் கட்டும்போது யோசிக்க வேண்டும், ஆபீஸ் நடக்கும்போது மாற்ற முடியாது. ஆனால் ஸ்விட்சை மாற்றலாம். ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதில் ஒன்றரை, இரண்டு மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உபயோகமாக உள்ளே வரும். ஏழடி உயரம் என்றால் பத்து, பதினாலு அடி. அந்தப் பகுதியின் விளக்குகளைத் தனி ஸ்விட்சில் போட்டால் பாதிப் பகல் அணைத்தே வைக்கலாம். ஒயரிங் செய்யும்போதே கேட்டால் இதற்குப் பெரிய செலவில்லை. கேட்பதில்லை.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், எண்ணைக் காட்டினால் கேட்பார். மீட்டரில் எடுத்ததை ஒரு தாளில் மேஜை வாரியாக எழுதிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஜன்னல் ஓர வரிசையைத் தனி ஸ்விட்சுக்கு மாற்றினார், துடிக்கிற பேனல்களுக்கு டிரைவர் மட்டும் மாற்றினார், என் முதுகுக்குப் பின்னால் இருந்ததைக் கழற்றியே விட்டார். மேஜைகளைத் திருப்பி, ஜன்னல் எங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி போட்டோம். பைல் ரேக் மட்டும் நகரவில்லை, அதை நகர்த்தினால் கதவு திறக்காது. அதனால் அக்காவுக்கு எழுநூற்றைம்பது ரூபாயில் ஒரு மேஜை விளக்கு, 4000 கெல்வின், கழுத்து வளைகிற மாதிரி. வைத்ததும் மீட்டர் 520 காட்டியது.

ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன் அதை ஒரு பிரச்சினையாகப் பலர் எண்ணியதில்லை. ஆபீஸ் வெளிச்சமும் இப்போது அப்படித்தான் கிடக்கிறது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே போதுமான வெளிச்சம் வேண்டும், கண் கூசக் கூடாது, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் காபி குடிக்கும்போது அந்த மீட்டரை எங்கள் மேஜையிலும் ஒரு நிமிஷம் வைக்கட்டும். ஏற்றுமதியாளர் சங்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். உங்களிடம் கேட்பது, அடுத்த முறை அந்த மாதிரிப் படம் போடும்போது கறுப்புச் சீலிங்கைப் புகழாதீர்கள். வெள்ளைச் சீலிங் மேலே போன வெளிச்சத்தைக் கீழே திருப்பிக் கொடுக்கும், கறுப்பு விழுங்கிவிடும், அந்த ஈடுக்கு இன்னும் நாலு விளக்கு போட வேண்டும்.

அந்த மேஜை விளக்குக்கு வவுச்சர் எழுதிக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. இன்னும் பாஸாகவில்லை. அதை வாங்கி வைத்திருப்பவரே அக்கவுண்ட்ஸ் அக்காதான், அதே விளக்குக்குக் கீழே வைத்து நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "பில்லுல ஜி.எஸ்.டி. நம்பர் இல்லீங்களே தம்பி" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மெர்ச்சண்டைசர்,
திருப்பூர்.