"மட்டும்தான்" என்று சொன்னாயே

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிறு இரவு நீ போனை வைத்த பிறகு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. கூடைப்பந்து அணியில் ஆறு ஆட்டங்களாக உன்னை பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது வருத்தம்தான். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாயே, "எனக்கு எறிய மட்டும்தான் தெரியும் அப்பா, வேறு ஒன்றும் தெரியாது" என்று, அதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாதானப்படுத்த மனமும் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கைல் கோர்வரை உனக்குத் தெரியும். அவர் பெயர் போட்ட சட்டையைத் துவைக்கக்கூட விடாமல் போட்டுக்கொண்டு திரிந்தவள் நீ. ஆனால் பெயர் பெறுவதற்கு முந்தைய கோர்வரை நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

2000-ஆம் ஆண்டு. நான் அமெரிக்காவின் ஒமாஹா நகருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அலுவலக நண்பர் ஒருவர் தன்னால் போக முடியவில்லை என்று ஒரு டிக்கெட்டை என் கையில் திணித்தார். கிரைட்டன் பல்கலைக்கழக அணி அப்போது சிவிக் ஆடிட்டோரியத்தில்தான் ஆடும். அந்தக் கட்டடத்தை 2016-இல் இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கூடைப்பந்தின் விதிகள்கூட எனக்கு அன்று சரியாகத் தெரியாது. ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்த ஓர் இளைஞர் பந்தே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, சுவர் போல நின்ற சக ஆட்டக்காரரைச் சுற்றி, மறுபடியும் இந்தப் பக்கத்துக்கு. எதற்கு இந்த வீண் ஓட்டம் என்று நினைத்தேன். ஓடி வந்து அவர் கால் ஊன்றவும் பந்து கைக்கு வரவும் சரியாக இருந்தது. அடுத்த நொடி பந்து கையில் இல்லை. வளையத்தின் இரும்பைத் தொடாமல் வலைக்குள் மட்டும் இறங்கும்போது ஒரு சத்தம் வருமே, புதுப் புடவையை உதறுவது போல, அதைத்தான் கேட்டேன். அன்றிலிருந்து வாய்த்தபோதெல்லாம் டிக்கெட் வாங்கினேன்.

அந்த இளைஞர்தான் கோர்வர். அயோவா மாநிலத்தில் பெல்லா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பா ஒரு பாதிரியார். அப்பா, அம்மா இருவருமே அந்த ஊர்க் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் யாரும் அவரைத் தேடி வரிசையில் நிற்கவில்லை. கிரைட்டனில் நான்கு ஆண்டுகளில் 371 மூன்று புள்ளிப் பந்துகளை, அதாவது தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறியும் பந்துகளை, போட்டார். நூறு எறிந்தால் 45 உள்ளே போகும் கணக்கு. கடைசிப் பருவத்தில் அணி 29 ஆட்டங்களில் வென்றது. அத்தனையும் வென்றுவிட்டு, தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே சென்ட்ரல் மிச்சிகனிடம் தோற்றது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை என்று அம்மா இன்னமும் சொல்லிக் காட்டுவாள்.

2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். முதல் பெயர் லெப்ரான் ஜேம்ஸ். மொத்தம் 58 பெயர்கள், கோர்வர் 51-ஆவது. அவரைப் பற்றி எல்லோரும் சொன்னது உன் வாயிலிருந்து வந்த அதே வாக்கியம்தான்: கால் வேகம் போதாது, தற்காப்பு ஆடமாட்டார், எறிய மட்டும்தான் தெரியும். தேர்ந்தெடுத்த நியூ ஜெர்சி நெட்ஸ் அணியே அவரை வைத்துக்கொள்ளவில்லை. 1,25,000 டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றுவிட்டது. அந்தப் பணத்தில் கோடைக்கால ஆட்டங்களின் செலவைக் கட்டி, மிச்சத்தில் அலுவலகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கினார்கள். 22 வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு விலை. அதைப் படித்தபோது அந்தப் பாதிரியாரை நினைத்துக்கொண்டேன். எந்தத் தகப்பனுக்கும் அது வலிக்கும்.

அந்த இயந்திரம் பழுதாகிவிட்டது, நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று கோர்வரே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். 17 பருவங்கள் ஆடினார், கண்ணம்மா. 2,450 மூன்று புள்ளிப் பந்துகள்.

உனக்கு மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அவர் கல்லூரியில் ஆடிய காலத்தில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 19 அடி 9 அங்குலத்தில் இருந்தது. நீ பள்ளியில் நின்று எறிந்ததும் அதே கோடுதான். தொழில்முறை ஆட்டத்தில் அது 23 அடி 9 அங்குலம். முழுதாக நான்கு அடி பின்னால் போக வேண்டியிருந்தது அவருக்கு. உனக்கு 22 அடி, ஒன்றே முக்கால் அங்குலம். நான்கு அடி என்பது இன்னும் கொஞ்சம் பலமாக எறிந்தால் தீர்ந்துபோகும் காரியம் இல்லை என்பது என்னைவிட உனக்குத் தெரியும். பலம் காலிலிருந்து வர வேண்டும். கையை முறுக்கினால் பந்து பக்கவாட்டில் போய்விடும். முதல் பருவத்தில் அவர் பெரும்பாலும் மாற்று ஆள்தான். இரண்டாவது பருவத்தில் 226 மூன்று புள்ளிகள் போட்டு லீக்கிலேயே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நடுவில் இருந்த ஒரு கோடை விடுமுறையில் எத்தனை ஆயிரம் பந்துகள் போயிருக்கும் என்று நினைத்துப் பார்.

கராஜ் சுவரில் நீ பென்சிலால் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. அவர் தன் எறிதலைச் சரிபார்க்க வைத்திருந்த இருபது குறிப்புகள். கால்களை அகல ஊன்று, விரல்களை விரி, முழங்கை நேராக இருக்கட்டும், எறிந்த பிறகும் கையை இறக்காதே. உன் எழுத்துப் பிழைகளோடு அப்படியே இருக்கிறது. 'மட்டும்தான்' என்று நீ சொன்ன அந்த ஒரு வேலைக்குள் இருபது வேலைகள் இருந்திருக்கின்றன, பார்த்தாயா?

2009-10 பருவத்தில் யூட்டா அணிக்காக ஆடியபோது 110 மூன்று புள்ளிப் பந்துகளை எறிந்து 59 போட்டார். 53.6 சதவீதம். ஸ்டீவ் கெர் வைத்திருந்த சாதனையை அது தாண்டியது. கோர்வரின் அந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை. பிறகு சிகாகோ. அந்த அணி தற்காப்புக்குப் பெயர்போனது. வேகமில்லாத காலை வைத்துக்கொண்டு எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பதை அங்கே பழகிக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை உன் பயிற்சியாளர் உன்னிடம் கேட்பதிலும் தப்பில்லை. அதைக் கற்றுக்கொள். ஆனால் எறிவதைப் பற்றி வெட்கப்படாதே.

அட்லாண்டா காலம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2012 நவம்பர் முதல் 2014 மார்ச் வரை 127 ஆட்டங்களில் தொடர்ந்து ஒரு மூன்று புள்ளியாவது போட்டார். பின்னாளில் ஸ்டீபன் கரி அதைத் தாண்டினார். 2015 ஜனவரியில் அந்த அணி ஆடிய 17 ஆட்டங்களிலும் வென்றது. அந்த ஆட்டங்களை அடுத்த முறை பார்க்கும்போது பந்தைப் பார்க்காதே, கோர்வரைக் காக்கும் ஆளைப் பார். பந்து எங்கேயோ இருக்கும். அவன் கோர்வரை விட்டு ஓர் அடி நகரமாட்டான். நகர்ந்தால் அவ்வளவுதான். அதனால் வளையத்துக்கு அருகே இடம் திறந்துகிடக்கும், மற்ற நால்வரும் அதில் புகுந்து விளையாடுவார்கள். பந்தைத் தொடாமலே ஒருவர் தன் அணிக்கு இவ்வளவு செய்ய முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் கற்றேன். சராசரியாக ஆட்டத்துக்குப் 12 புள்ளிகள் எடுத்தவரை, 33 வயதில், லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு அழைத்தார்கள். காயம்பட்ட ஒருவருக்கு மாற்றாகத்தான் போனார். போய் ஏழு மூன்று புள்ளிகள் போட்டார்.

2017 ஜூன் மாத ஆட்டத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உனக்கு நேர்மையாக எழுதியதாக ஆகாது. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம், கோர்வர் அப்போது ஆடிய கிளீவ்லாந்து இரண்டு புள்ளிகள் முன்னிலை, முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவு. லெப்ரான் உள்ளே புகுந்து மூலையில் நின்ற கோர்வருக்குப் பந்தைக் கொடுத்தார். அவர் வாழ்நாளெல்லாம் எறிந்த இடம். நீ சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டாய். பந்து இரும்பில் பட்டு வெளியே வந்தது. மறுபுறம் கெவின் டுராண்ட் மூன்று புள்ளி போட்டார், ஆட்டம் போயிற்று. "அவர்கூடத் தவறவிடுவாரா அப்பா?" என்று கேட்டாய். கோர்வருக்குக் கடைசிவரை கோப்பை கிடைக்கவில்லை. மில்வாக்கியில் ஆடி முடித்தபோதும் இல்லை.

அன்றைக்கு உனக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மறுநாள் காலை நீ செய்தது நினைவிருக்கிறது. பள்ளி விடுமுறை, ஆறு மணிகூட ஆகவில்லை. வாசலில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மூலையில் அதே இடத்தில் நின்று, அதே பந்தை எறிந்துகொண்டிருந்தாய். நான் போய் வளையத்துக்குக் கீழே நின்று பந்தை எடுத்துக் கொடுத்தேன். நீ எண்ணவில்லை, நான்தான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். யாரும் உன்னைச் செய்யச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைதான் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் 'மட்டும்தான்' என்று சொன்னாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாய் அல்லவா? நேற்று பனி இல்லை. அளவு நாடாவை எடுத்து வாசலில் 22 அடி, ஒன்றே முக்கால் அங்குலத்துக்குப் புதுக் கோடு அளந்தேன். நடுவில் இடம் இருக்கிறது. வலது மூலையில் கோடு அம்மாவின் ரோஜாச் செடிக்குள் போய்விட்டது. கேட்கத் தயங்கினேன், அவளே மண்வெட்டியைத் தேடிக் கொண்டு வந்துவிட்டாள். வலையும் புதிதாக மாட்டியாயிற்று. வரும்போது உன் பந்தைக் கொண்டு வா, இங்கே இருப்பதில் காற்று நிற்கவில்லை.

அன்புடன்,
அப்பா