டிபன் டப்பா அண்ணனுக்கு

வியாழக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. அம்மாவின் மார்பகப் புற்றுநோய் பரவிக் கல்லீரலில் இருந்த புள்ளிகள் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டன என்று டாக்டர் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ ஊருக்குப் போகலாமா?" மற்றதெல்லாம் உறவும் நட்புமான உங்களுக்குத் தெரியும், ஜனவரியிலிருந்து நீங்களும் எங்களோடுதானே கிடந்தீர்கள், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில், நான் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட ஒருவருக்கு.

2019-இல் திருச்சியில் ஆபரேஷன் ஆனபோது அம்மாவின் ரிப்போர்ட்டில் ஹெர்-2 (புற்றுநோய் செல்லை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம்) என்ற இடத்தில் 2+ என்று போட்டிருந்தது. 3+ என்றால் பாசிட்டிவ். 2+ இரண்டுங்கெட்டான், அந்தப் புரதத்துக்கான ஜீன் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்தால்தான் தெரியும். செலவுக்குப் பயந்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது நாங்கள்தான். இப்போது கல்லீரலில் ஊசி குத்தி எடுத்த சதை டெஸ்ட்டுக்குப் போதவில்லை, ஆபரேஷனில் எடுத்த சதையை லேபில் வைத்திருக்கும் பழைய பிளாக் கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றார் சென்னை டாக்டர்.

சனிக்கிழமை மத்தியானம், திருச்சி லேப் மூடும் நேரம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எங்கே தேடுவது என்று கவுன்ட்டரில் கையை விரித்துவிட்டார்கள். டீ கிளாஸோடு உள்ளேயிருந்து வந்த அட்டெண்டர் அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கி, நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரம். சட்டையெல்லாம் தூசியாக வந்து நீட்டினார், தீப்பெட்டியைவிடச் சின்ன மெழுகுத் துண்டு, நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. அதுதான் அம்மாவின் கட்டி. "மெழுகும்மா, வெயில் படாம கொண்டுபோங்க, பஸ்ல ஜன்னலோரம் உட்காராதீங்க" என்றவர், தன் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, பஞ்சு வைத்து அதற்குள் போட்டுத் தந்தார். பணம் நீட்டினேன். "டப்பாவ மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க, வீட்ல திட்டுவாங்க."

ஃபிஷ் பாசிட்டிவ். அந்த ஒரு வார்த்தையில் வைத்தியமே மாறிப்போனது. கீமோவோடு ஹெர்-2-ஐத் தடுக்கும் மருந்துகளான ட்ராஸ்டுஸுமாப், பெர்டுஸுமாப், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இதயம் தாங்குகிறதா என்று பார்க்க நடுநடுவே எக்கோ. ட்ராஸ்டுஸுமாப்பில் 2014-இலிருந்தே நம் நாட்டுத் தயாரிப்பு கிடைக்கிறது, இல்லாவிட்டால் வீட்டை விற்றிருப்போம். நோய் அடியோடு போய்விடாது, கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சரி, கட்டுக்குள் இருக்கட்டும்.

சீட்டுப் பணத்தை முன்னாலேயே எடுத்துத் தந்த பெரியம்மா, ஊசிக்கு நரம்பு கிடைக்காத நாளில் பொறுமையாகத் தேடிய டே கேர் சிஸ்டர்கள், ராத்திரி போன் எடுத்த எல்லோரும், உங்களுக்குத் தனித்தனியாக எழுதினால் முடியாது. இனி நம் தெருவில் யாருக்கு இந்த வியாதி என்றாலும் 2+ என்று இருக்கிறதா என்று ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன், மூக்கை நுழைக்கிறாள் என்று திட்டினாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம் திருச்சி போகிறோம். டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாதாம், அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடச் சொல்லியிருக்கிறாள் அம்மா.