வாத்தியாரை அனுப்பிவிட்டீர்கள், பாடத்திட்டம் பத்திரமா?

உருகுவே கால்பந்துச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2021 நவம்பரில் உங்கள் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆஸ்கர் தபாரெஸை நீங்கள் வீட்டுக்கு அனுப்பியது பற்றித்தான் இந்த மடல். இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்பீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2022 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தொடர்ந்து நான்கு தோல்வி: அர்ஜென்டினாவிடம் இரண்டு முறை, பிரேசிலிடம் 4-1, கடைசியாக லா பாஸ் மலை மேல் பொலிவியாவிடம் 3-0. நேரடியாகத் தகுதி பெறும் நான்காம் இடம் ஒரே ஒரு புள்ளி தூரத்தில்தான் இருந்தது, இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி என்று வாதாடலாம்தான். ஆனால் அடுத்து வந்த தியேகோ அலோன்சோ அந்த நான்கையும் ஜெயித்துவிட்டார். சரி, அந்த விஷயத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். கத்தார் உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு திரும்பியதைப் பற்றி நீங்களும் மூச்சு விடாதீர்கள்.

'எல் மாஎஸ்த்ரோ', அதாவது வாத்தியார், என்பது அவருக்குச் சும்மா வந்த பட்டம் இல்லை. மான்டிவிடியோவில் நிஜமாகவே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எடுத்தவரும் இல்லை. பெல்லா விஸ்தா போன்ற கிளப்புகளில் தடுப்பாட்டம் ஆடியவர். பயிற்சியாளரான பிறகுதான் 1987இல் பெனரோல் கிளப்புக்குத் தென்னமெரிக்க கிளப்புகளின் லிபர்டடோரெஸ் கோப்பையை வாங்கித் தந்தார், 1990இல் உங்கள் அணியோடு இத்தாலி உலகக் கோப்பைக்குப் போனார். நடுவில் இத்தாலியின் மிலான் கிளப்பில் அரை வருடம்கூட நிலைக்கவில்லை, அதுவும் உண்மை.

2006 உலகக் கோப்பைக்கே போக முடியாமல் நின்றபோது நீங்கள் திரும்பக் கூப்பிட்டது அவரைத்தான். வந்தவர் கையில் ஒரு திட்டம் இருந்தது. சீனியர் அணிக்கு மட்டுமல்ல, மீசை முளைக்காத பையன்களின் அணிவரைக்கும் ஒரே முறை, ஒரே ஒழுங்கு. பையன்கள் படிப்பையும் விடக்கூடாது. கிமெனெஸ், பென்டன்கூர், வால்வெர்தே போன்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவர்கள்தானே? 2010 உலகக் கோப்பையில், நாற்பது வருடம் கழித்து அரையிறுதி. அடுத்த வருடமே அர்ஜென்டினா மண்ணில் தென்னமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா. முப்பத்தைந்து லட்சம் பேர் இருக்கும் நாட்டுக்கு!

2018 ரஷ்ய உலகக் கோப்பையில், எகடெரின்பர்க்கில் எகிப்தோடு நடந்த ஆட்டம் கண்ணிலேயே நிற்கிறது. தபாரெஸ் அப்போது நரம்பு நோயால் நடையே தள்ளாடிய 71 வயது மனிதர். 89ஆவது நிமிடத்தில் கிமெனெஸ் தலையால் முட்டிக் கோல் போட்டதும், ஊன்றுகோலோடு எழுந்து நின்று கத்தினார். எங்கள் ஊரில் வாத்தியார் கையில் கம்பு இருந்தால் அர்த்தமே வேறு. அன்றைக்குத்தான் அது எனக்கு அழகாகத் தெரிந்தது.

பயிற்சியாளரை மாற்றுவது உங்கள் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான். 2006இல் அவர் கொண்டுவந்த அந்தத் திட்ட அறிக்கை இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கும். தூசி தட்டி வையுங்கள். இனி யார் வந்து பொறுப்பேற்றாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து ஒரு ரசிகன்