துப்பறிவாளரின் தோல்வி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மர்ம நாவல்கள் பற்றிய கட்டுரை, இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' (1980) நாவலில் இடைக்காலச் சூழல் வெறும் அலங்காரம் என்றும், துப்பறிபவர் கடைசியில் தவறிவிடுவதால் துப்பறியும் கதையின் இலக்கணமே அங்கே கேலிக்குள்ளாகிறது என்றும் சொல்கிறது. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

எக்கோ இலக்கணத்தை மதித்தே எழுதியிருக்கிறார். ஒதுங்கிய மலை மடம், அடுத்தடுத்து விழும் பிணங்கள், உடன் நடந்து வியந்து கேட்கும் இளந்துறவி அட்சோ, ஷெர்லக் ஹோம்ஸ் கதையை நினைவூட்டும் பாஸ்கர்வில் என்ற பெயரைத் தாங்கிய, துப்பறியும் துறவி வில்லியம் என எல்லாம் இருக்கின்றன. தடயமும் ஒளிக்கப்படவில்லை. இறந்தவர்களின் விரலும் நாக்கும் கறுத்திருந்தன என்று மூலிகை வைத்தியர் செவெரினஸ் வாயிலாகத் தெரியவரும்போதே, நஞ்சு தடவிய நூலின் தாளை எச்சில் தொட்டுப் புரட்டிய கையை நாமும் ஊகித்திருக்கலாம்.

மடத்தின் வாசலை எட்டுமுன்பே, பனியில் பதிந்த குளம்படியையும் முட்செடியில் சிக்கிய கருமயிரையும் கொண்டு, தாம் பார்த்தே இராத குதிரையின் பெயரைக்கூட வில்லியம் சொல்லிவிடுகிறார். தனித்தனித் தடயங்களைப் படிப்பதில் அவர் பெரிதும் தவறுவதில்லை. அவற்றை விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் உலக முடிவை அறிவிக்கும் ஏழு எக்காளங்களோடு கோத்து, ஒரே மனிதனின் திட்டமாகப் பார்த்த இடத்தில்தான் சறுக்குகிறார். முதலில் இறந்தவர் தாமே குதித்தவர். செவெரினஸை அடித்துக் கொன்றவர் வேறொருவர். நூலில் நஞ்சு தடவிய பார்வையற்ற முதிய துறவி ஹோர்கேயிடம் தவறான வழியாகவே வந்து சேர்ந்ததை வில்லியம் வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார்.

இந்த ஒப்புதலின் அருமை, அதே மடத்துக்கு வரும் இன்னொரு விசாரணையாளரை அருகில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். தப்பறைக்காரர்களை, அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறான கொள்கை உடையவர்களை, விசாரிப்போருக்குக் கையேடு எழுதிய பெர்னார்டு குயி வரலாற்றில் வாழ்ந்தவர். அவரும் நாவலில் துப்பறிகிறார், அவரிடமும் ஒரு கதை தயாராக இருக்கிறது. சித்திரவதைக்கு அஞ்சிய மடத்துப் பண்டகக் காப்பாளர் ரெமிஜியோ, செய்யாத கொலைகளையெல்லாம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். மறுநாள் நூலகர் மலாக்கி செத்து விழுந்த பிறகும் கைதிகளுக்கு விடுதலை இல்லை. வில்லியமும் முன்பு இதே விசாரணையாளர் பதவியில் இருந்து, மனம் ஒப்பாமல் விலகியவர் என்பதை இங்கே மறக்கக் கூடாது. தன் முடிவைச் சந்தேகிக்கத் தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை; அதிகாரம் உள்ளவருக்குச் சந்தேகமே இல்லை. கதை நிகழும் 1327-ஆம் ஆண்டையும் அந்த விசாரணைக் கூடத்தையும் நீக்கிவிட்டால் வில்லியமின் தோல்விக்கு எடையே இராது. தங்கள் கட்டுரையாளரோ பெர்னார்டு குயியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

தங்கள் வாசகர்,
திருநெல்வேலி