டிராகன் பறந்தாலும் கோட்டை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் கற்பனை உலக ரோல்பிளே விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விளையாட்டுக்குத் தமிழில் ஓர் இதழ் நான்கு பக்கம் ஒதுக்கியதே பெரிய மகிழ்ச்சி. ஆனால் டிராகன் பறக்கிற, மந்திரவாதி சுவரை ஊடுருவுகிற உலகத்தில் கோட்டைக்கு வேலையே இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. ஞாயிறுதோறும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் ஆட்டம் நடத்துகிறவன் நான். செஞ்சிக் கோட்டைக்கும் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கும் சிறு வயதிலிருந்தே போய்வருகிறவன். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் கோட்டையை வெறும் சுவராகப் பார்க்கிறார். சுவரைத் தாண்ட முடிந்தால் கோட்டை தோற்றது என்பது அவர் கணக்கு. கோட்டை என்பது உள்ளே இருக்கிற நெல்லும் தண்ணீரும். அவை வாங்கித் தருகிற நாட்கள். செஞ்சியை முகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டது. பீரங்கி இருந்தது, ஆள் பலம் இருந்தது. கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். முகலாயத் தளபதி வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், அப்படி இழுத்தடிக்க இடம் கொடுத்ததும் அந்தக் கோட்டைதானே? மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில், உள்ளே குளங்கள், அண்ணாந்து பார்க்க வைக்கும் நெற்களஞ்சியம். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பலகைகளை மட்டும் எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை நெருங்கவே முடியாது என்று.

அதே செஞ்சியை 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். மலை மாறவில்லை, மதில் மாறவில்லை, காத்தவர்கள் மாறியிருந்தார்கள். எவ்வளவு சிறந்த அரணாக இருந்தாலும் செயல்திறன் இல்லாதவரிடம் அது அரண் ஆகாது என்று வள்ளுவர் அரண் அதிகாரத்தைக் கடைசிக் குறளில் முடிப்பது இதைத்தான். உள்ளே உணவு நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் அதே அதிகாரத்தில் சொல்லிவிடுகிறார்.

சரி, டிராகனுக்கு வருவோம். போன மழைக்காலத்தில் எங்கள் ஆட்டத்தில் ஒரு முற்றுகை வைத்தேன். கட்டம் போட்ட தாளில் கோட்டை, புளியங்கொட்டைகள் படைவீரர்கள், எதிரியின் டிராகனுக்கு ஒரு சிவப்பு அழிரப்பர். முதல் நாளே டிராகனை இறக்கி எரித்துவிட்டால் கதை அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆட்டத்தில் அவள்தான் களஞ்சியக் காவலர். அழிரப்பரை விரலால் தொட்டுக்கொண்டு, "மாமா, இது ஒரு நாளைக்கு எத்தனை மாடு தின்னும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பகடையை உருட்டி ஆறு மாடு என்று வைத்தோம். அவ்வளவுதான், ஆட்டமே திரும்பிவிட்டது. எதிரிப் படை சுற்றுவட்டாரத்து மாடுகளையெல்லாம் பிடித்துவந்து டிராகனுக்குப் போட வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தவர்கள் கீற்றுக் கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள், நெல்லைப் பாறைக் குடைவுக்குள் இறக்கினார்கள், கிணற்றுக்குக் கல் மூடி செய்தார்கள். டிராகன் நான்கு முறை வந்து எரித்தது. பன்னிரண்டாம் நாள் பட்டினி கிடந்தது வெளியே இருந்தவர்கள். மாடியில் அன்று விளக்கணைக்க இரவு பதினொரு மணி ஆனது.

கட்டுரையாளர் சொல்வதில் ஒரு பாதி சரி, அதை மறைக்க விரும்பவில்லை. ஐரோப்பாவின் உயர்ந்த கல் கோபுரங்களை அப்படியே பெயர்த்து, தலைக்கு மேல் டிராகன் பறக்கிற ஊரில் நட்டுவைப்பது சோம்பேறித்தனம். ஆனால் புதிய ஆயுதம் வந்ததும் யாரும் கோட்டையைக் கைவிடவில்லை, வடிவத்தைத்தான் மாற்றினார்கள். 1453-ல் கான்ஸ்டான்டிநோபிளின் மதிலைப் பீரங்கி உடைத்தது. அதன்பிறகு மதில்கள் தாழ்ந்தன, தடித்தன, பின்னால் மண் கொட்டப்பட்டது, மூலைகள் அம்புமுனை போலக் கூர்ந்தன. புதுச்சேரியில் இன்று பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அந்த வகைதான், ஐந்து கொத்தளங்களோடு. 1761-ல் ஆங்கிலேயரிடம் புதுச்சேரி சரணடைந்தது உள்ளே சாப்பாடு தீர்ந்ததால். மறுபடியும் நெல்!

பீரங்கிக்கு மதில் இப்படி மாறியது என்றால், டிராகனுக்கும் பறக்கும் மந்திரவாதிக்கும் எப்படி மாறும்? ஆட்டம் நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நமக்கு முன்னோடிகளுக்கும் பஞ்சமில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் தானே வளைந்து எய்யும் வில் இருக்கிறது, கல்லை உமிழும் கவண் இருக்கிறது, குரங்கு வடிவப் பொறிகூட இருக்கிறது.

கோட்டையின் எல்லை சுவரோடு முடிகிறது என்று நினைப்பதும் தவறு. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. சுற்றிலும் சுட்டார்கள், குண்டு விழுந்த இடம்வரை கிராமங்கள் அவர்கள் கைக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு உப்பலவாடியில் இறங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? இதைவிட நல்ல விளையாட்டு விதியை நான் பார்த்ததில்லை. உங்கள் மந்திரவாதியின் நெருப்புருண்டை எவ்வளவு தூரம் போகுமோ அதுவரை உங்கள் கோட்டை, அதுவரை உங்கள் வரி.

விளையாட்டை உருவாக்கியவர்கள் யோசிக்கவில்லை என்பதும் நியாயமில்லை. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், இடைக்காலப் போர்களைப் பொம்மைப் படைகளை வைத்து ஆடிய விளையாட்டிலிருந்து கிளைத்தது. கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்கங்களில் இறங்குவதுதான் அதன் தொடக்கமே. வீரன் உயர்நிலைக்கு வந்தால் சொந்தக் கோட்டை கட்டிக்கொண்டு வரி வாங்கலாம் என்று விதியே இருந்தது. கோட்டையை எடுத்துவிட்டால் அந்த வீரன் எங்கே போய் உட்காருவான்?

கோட்டையே பறந்தால் என்ன என்று நம் ஊரில் எப்போதோ யோசித்தாகிவிட்டது. பொன், வெள்ளி, இரும்பில் மூன்று கோட்டைகள் பறந்துவந்து ஊர்கள்மேல் இறங்கி நசுக்கின, சிவன் சிரித்தே எரித்தார் என்ற கதைக்குரிய தலம் பண்ருட்டி பக்கத்தில் திருவதிகை. எங்கள் அடுத்த ஆட்டத்துக்கு அந்த மூன்றையும் வரைந்து வைத்திருக்கிறேன். எரிக்க வருபவர்களிடம் அக்கா மகள் என்ன கேட்கப்போகிறாள் என்பதுதான் இப்போது என் கவலை. கட்டுரையாளர் கடலூர்ப் பக்கம் வந்தால் ஒரு ஞாயிறு மாலை மாடிக்கு வரட்டும், இடம் ஒதுக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.