கரையில் கிடக்கும் புல்லை அள்ளாதீர்கள்

மத்தியதரைக்கடலைக் காக்கப் போட்ட பார்சிலோனா உடன்படிக்கையில் இருக்கும் 21 மத்தியதரைக்கடல் நாடுகளின் பிரதிநிதிகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம். மால்டாவில் ஆறு வருடமாக ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். காலை ஷிஃப்டுக்குக் கடற்கரை வழியாகத்தான் நடந்து போவேன். மார்ச் மாதத்தில் அந்தக் கரையில் காய்ந்த புல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். பழுப்பு நிறத்தில் நாடா மாதிரி நீள நீளமான இலைகள். நடுநடுவே தேங்காய் நாரை உருட்டி வைத்தது போல் பந்துகள். கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஊர்க்காரர்கள் இதை 'அல்கா' என்பார்கள். மே மாதம் பயணிகள் வருவதற்குள் டிராக்டர் வந்து எல்லாவற்றையும் அள்ளிவிடும். நின்று பார்த்திருக்கிறேன். புல்லோடு மணலும் வண்டி வண்டியாகப் போகிறது.

அது குப்பை இல்லை. பொசிடோனியா என்ற கடற்புல், பூத்துக் காய்க்கும் செடி. கடலடியில் இருக்கும்போது அலையின் வேகத்தைக் குறைக்கிறது. உதிர்ந்து கரையேறியபின், குளிர்காலப் புயலில் மணலைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பைசா செலவில்லாத தடுப்புச்சுவர் இது. அதைக் காசு கொடுத்து அகற்றுகிறோம்.

கடல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் செய்கிறோம் என்பதுதான் என் கவலை. மத்தியதரைக்கடலில் பல இடங்களில் நீர்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம் ஒரு முழம்கூடக் கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் சாலையும் வீடும் உணவகமும் தண்ணீரை ஒட்டியே கட்டினார்கள். இப்போது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி கணக்குப்படி, கரியமில வாயு போன்றவற்றின் உமிழ்வை வெகுவாகக் குறைத்தாலும் 2100-க்குள் உலகக் கடல்மட்டம் 28 முதல் 55 செ.மீ. வரை உயரலாம். குறைக்காவிட்டால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை. அப்புறம் பழைய வலுவில் வரும் புயலே இன்னும் உள்ளே வந்துவிடும். வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்றை இங்கே 'கிரிகால்' என்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அது அடித்தபோது மீன்கள் சாலையில் வந்து விழுந்தன.

இந்தக் கடலில் உருவாகும் சூறாவளி போன்ற புயல்கள் எண்ணிக்கையில் குறையலாம், ஆனால் வருகிறவை உக்கிரமாக இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் கிரேக்கத்தின் கெஃபலோனியா, ஸாக்கிந்தோஸ் தீவுகளைப் புரட்டிப்போட்டது. மறுவருடம் ஆகஸ்டில் இத்தாலியின் சிசிலித் தீவில் 48.8 டிகிரி வெயில், ஐரோப்பாவிலேயே பதிவான உச்சம். கடல்நீரும் சுடுகிறது. 28 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் நின்றால் பொசிடோனியா நலிந்துபோகும். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும் புல் அது. போனால் நம் ஆயுளில் திரும்பாது.

துனிசியாவின் கெர்கென்னா தீவுகளையும் நினையுங்கள். அங்கே மிக உயரமான இடமே 13 மீட்டர்தான். பேரீச்ச மட்டைகளைக் கடலில் வேலியாக நட்டு மீன் பிடிக்கும் அவர்களுடைய 'ஷர்ஃபியா' முறையை 2020-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிலத்தில் உப்பேறி அந்த மரங்களே பட்டுப்போனால் வேலிக்கு மட்டை எங்கிருந்து வரும்?

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2008-இல் மாட்ரிட்டில் உங்கள் நாடுகள் உருவாக்கிய கடலோர நெறிமுறையின் எட்டாவது பிரிவு, கரையிலிருந்து குறைந்தது 100 மீட்டருக்குள் கட்டிடம் கூடாது என்கிறது. பன்னிரண்டாவது பிரிவு தீவுகளுக்கென்றே எழுதப்பட்டது. ஆனால் எட்டாவது பிரிவிலேயே விதிவிலக்குக்கும் இடம் இருக்கிறது. அந்த வழியாக எத்தனை கட்டிடங்கள் நுழைந்தன என்று ஒவ்வொரு நாடும் வெளிப்படையாகச் சொல்லட்டும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2018-இல் பொசிடோனியாவைக் காக்கத் தனி ஆணையே போட்டன. அது அங்கே முடிந்தது என்றால் மற்ற தீவுகளிலும் முடியும். 1988-இல் பருவநிலை மாற்றத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது நான் பிழைக்க வந்த இந்தச் சின்னத் தீவுதான்.

பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்று ஹோட்டல்காரர்கள் சொல்வார்கள். சரி, கோடையில் நடக்க ஒரு பாதை மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள். ஏன் புல் கிடக்கிறது என்று ஒரு பலகை வையுங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். எடுத்தே ஆகவேண்டிய இடத்தில் மணலை உதறிவிட்டு எடுத்து, அடுத்த கிரிகால் வருவதற்குள் அதே கரையில் திரும்பப் போடுங்கள்.

இப்படிக்கு,
மால்டாவில் வாழும் ஒரு சமையல்காரர்